வெடிக்க மறுத்த எரிமலை

அருங்காட்சியகத்தில் கற்கள் அறைக்குப் பொறுப்பாளராக இருந்த அக்காவுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'எரிமலை'. பாதிக் காரணம் அவள் படித்த நிலவியல், மீதி அவள் கோபம். அவள் தும்மினால் எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் தானாகத் திறந்துகொள்ளும். இது குறைத்துச் சொன்ன கணக்கு.

அன்று அவளுக்குக் கோபம் இல்லை, பயம். அவள் அறைப் பக்கம் ஈ கூட எட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் காட்சிக்கு வைத்த பழங்காலத் தொப்பிகளோ குட்டி போட்டுக் குட்டி போட்டு வாசல்வரை வந்துவிட்டன. "இன்னிக்குக் கூட்டம் நிக்கணும்மா. நிக்கலைன்னா இந்த அறையும் தொப்பிக்குத்தான்," என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

ஆகவே ஒரு எரிமலையை வெடிக்க வைப்பதென்று முடிவு செய்தாள். கண்ணாடித் தொட்டி நிறைய ஜெல்லி. அதுதான் பூமியின் மேலோடு. அடியில் ஒரு துளை. அதன் வழியே சிவப்பு ஜெல்லிக் கரைசலை வெதுவெதுப்பாக ஏற்றினால், பாறைக்குழம்பு போல மேலே கிழித்துக்கொண்டு பீறிடும். ஜெல்லி காய்ச்சுவது, கேக் கடை வைத்திருக்கும் தம்பியின் பொறுப்பு.

'இன்று எரிமலை வெடிக்கும்' என்று வாசலில் எழுதி வைத்ததும் கூட்டம் வந்தது. அக்கா பெரிய ஊசிக்குழலை அழுத்தினாள். சிவப்பு, கத்தி அலகுபோல் மெலிசாக நிமிர்ந்து ஏறியது. பாதியில் நின்றது. பிறகு சாவகாசமாகப் பக்கவாட்டில் படுத்துவிட்டது.

"என்னடா, படுத்துடுச்சு?" என்று பக்கத்தில் நின்ற தம்பியிடம் பல்லைக் கடித்தாள்.

"ரெண்டு அடுக்கா ஊத்தினேன்க்கா. வண்டியில ஆடக்கூடாதேன்னு மேல் அடுக்கை மட்டும் கெட்டியாக் காய்ச்சினேன். கடையில எப்பவும் அப்படித்தான்."

"இது கேக்காடா? பூமிடா!"

"பூமி மட்டும் ஆடலாமா?"

அறைவதற்குக் கை ஓங்கியவள் திரும்பிப் பார்த்தாள். ஒருவர்கூட நகரவில்லை. காய்கறிப் பையோடு வந்த அம்மாள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். "வெடிக்குமா, வெடிக்காதா? சொல்லித் தொலைங்களேன்!"

உள்ளே சிவப்பு பெருகப் பெருக, மேல் அடுக்கு மெல்ல உப்பி, குப்புறக் கவிழ்த்த கிண்ணமாக எழுந்தது. படிக்கிற காலத்தில் அக்கா ஆயிரம் தடவை வரைந்த படம். கண்ணால் பார்ப்பது இப்போதுதான். அக்காவின் பயம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியாது.

"வெடிக்காதுங்க! மேல இருக்கிற பாறை ரொம்பக் கெட்டி. உடைக்க முடியாத குழம்பு அடுக்குக்கு நடுவுல புகுந்து, மேல இருக்கிறதைத் தூக்கிட்டு, அங்கேயே ஆறி இறுகிடும். மழையும் காத்தும் மூடியை அரிச்சு எடுத்தா, உள்ள இருந்தது மலையா நிக்கும்!"

"அதை எப்போ பார்க்கிறது?"

"நிஜத்துல லட்சக்கணக்கான வருஷம். இங்க, ஜெல்லி ஆறுற வரைக்கும்."

அனைவரும் காத்திருந்தார்கள். தொப்பி அறையிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். காவலாளி தன் காவலையே விட்டுவிட்டு வந்தார். சிவப்பு இறுகியதும் தம்பி பெரிய கரண்டியோடு தொட்டிக்குள் இறங்காத குறையாகக் குனிந்தான். "மழையும் நான்தான், காத்தும் நான்தான்," என்று மேல் ஜெல்லியை வழித்து வழித்து எடுத்தான். அடியிலிருந்து தளதளவென்று ஒரு சிவப்புக் குன்று தலைகாட்டியது. எழுந்த கூச்சலில் பக்கத்து அறையில் நாற்பது தொப்பிகள் கழன்று விழுந்தன.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இயக்குநர் முன்னால் வந்தார். அக்கா ஊசிக்குழலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"தொப்பியெல்லாம் மாடிக்குப் போகட்டும்," என்றவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "தம்பி, அந்தக் கரண்டியை இப்படிக் குடு. இந்தப் பக்கம் நான் மழை."