பாவாடை கோணாத குண்டு

திருப்புலிவனத்துக் கார்த்திகைத் திருவிழாவில், ஒரே சாயங்காலத்தில் பாண்டுரங்கனின் பலூன் சுடும் கடை பெயர் கெட்டுப் போனது. கெடுத்தவர் அவில்தார் வரதன். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தவர். ரெஜிமெண்ட் போட்டியில் சுட்டுக் கோப்பை வாங்கியவர் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் வந்து துப்பாக்கியைக் கையில் எடுத்ததுமே கூட்டம் சேர்ந்துவிட்டது.

பாண்டுரங்கனின் கடை மற்ற பலூன் கடைகளைப் போல அல்ல. மற்றவர்கள் பத்தடி தூரத்தில் பூசணிக்காய் அளவுக்குப் பலூன் கட்டுவார்கள். இவன் முப்பதடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதிக் கட்டுவான். சுடத் தெரிந்தவர்கள் அதற்காகவே தேடி வருவார்கள்.

வரதன் பத்துக் குண்டு சுட்டார். மூன்று பலூன் வெடித்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வரதனின் காது சிவந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் குழலின் மேல் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"பேரல் வளைஞ்சி கீது," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "வேணும்னே வளைச்சி வச்சிக்கினு ஊரை ஏமாத்தறாங்க. யாரும் கை வெக்காதீங்க."

பாண்டுரங்கன் வாயைத் திறப்பதற்குள் பாதிக் கூட்டம் ராட்டினத்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. மறுநாள் காலை விழாக் கமிட்டியிலிருந்து ஆள் வந்து கடையைக் கட்டச் சொன்னார்.

உத்திரமேரூருக்குத் திரும்பிய பாண்டுரங்கன் இரண்டு நாள் துப்பாக்கி இருந்த மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், "வித்துட்டு தறியோட கெடப்போம். இந்தப் பேஜாரே வேணாம்," என்றான்.

தறியில் இருந்த அவன் மனைவி கஸ்தூரி இறங்கி வந்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு பட்டு இழையை விரலுக்கு நடுவே இழுத்துவிட்டு, எந்த இடத்தில் தடித்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். கடையில் துப்பாக்கிக்குக் குண்டு போட்டுக் கொடுப்பதும் அவள்தான். ஆள் இல்லாத நேரத்தில் சுட்டுப் பார்ப்பதும் அவள்தான். அவனைவிட அவள் நன்றாகச் சுடுவாள். அது இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

அவள் துப்பாக்கியைப் பலகையின் மேல் படுக்க வைத்தாள். ஒரு பட்டு இழையை எடுத்து, ஒரு நுனியை அவன் கையில் கொடுத்து, மறு நுனியைத் தான் பிடித்து, குழலின் மேல் விறைப்பாக இழுத்து வைத்தாள். இழை முழு நீளத்துக்கும் குழலை ஒட்டிக் கிடந்தது. குழலைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் அப்படியே வைத்துப் பார்த்தாள்.

"பேரல் நேராத்தான் கீது. அவரு பார்த்தது தப்பு."

"அவரு பட்டாளத்துக்காரரு."

"இருக்கட்டும். இழை பொய் சொல்லாது."

"அப்ப இன்னாதான் கோளாறு?"

"குண்டு," என்றாள் கஸ்தூரி. "போன வருசம் வரைக்கும் பச்சை டப்பா குண்டு வாங்கினோம். அது வர்றது நின்னு போச்சி. இந்த வருசம் நீங்க மெட்ராஸ்ல தெருவோரத்துல எடைக்கு வாங்கியாந்தீங்க. பையில போட்டு பஸ்ல குலுக்கிக்கினு வந்தீங்க. ஒண்ண எடுத்துப் பாருங்க."

அவன் எடுத்துப் பார்த்தான். மிளகை விடச் சற்றுப் பெரிய ஈயக் குண்டு. முன்பக்கம் தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் விரிந்த பாவாடை. அந்தப் பாவாடை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அடுத்ததை எடுத்தான். அதுவும் நசுங்கல்.

"இவ்ளோ சின்ன நசுங்கலுக்கா மூணடி தள்ளிப் போவுது?"

"மூணடி போவல. மூணு வெரல் போனாலே எலுமிச்சம்பயத்துல படாது இல்ல? துப்பாக்கிய விக்கற பேச்ச வுடுங்க. நாளைக்குக் காஞ்சிபுரம் போலாம்."

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரத்தின் கடையில் சைக்கிள் சாமான், பட்டாசு, மீன் தூண்டில், ஏர் கன் குண்டு எல்லாம் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் நான்கு வகைக் குண்டு இருந்தது. ஏகாம்பரம் பாண்டுரங்கனைப் பார்த்தே பேசினார்.

"கூர்மூக்கு எடுத்துக்க. காத்தக் கிழிச்சிக்கினு போவும். எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க."

"நாலுலயும் இருவது இருவது குடுங்கண்ணா," என்றாள் கஸ்தூரி.

அப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பினார். "டப்பாவப் பிரிக்க மாட்டேம்மா. இதென்ன கத்திரிக்காயா, பொறுக்கி எடுக்க?"

"கத்திரிக்காயின்னா தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன். இத சுட்டுப் பார்த்துதான் சொல்ல முடியும். எது நேரா போவுதோ அத வருசம் முழுக்க உங்ககிட்டயே வாங்குவோம். இல்லன்னா நாலு டப்பா உங்க பொட்டியிலயே தூங்கட்டும்."

ஏகாம்பரம் நான்கு டப்பாவையும் வெளியே எடுத்தார். பிறகு டப்பாக்களைத் திறந்து, நான்கு காகிதத்தில் இருபது இருபதாக எண்ணி வைத்தார். குலுங்காமல் இருக்கக் கஸ்தூரி தன் மடியிலிருந்த பஞ்சைப் பிய்த்து ஒவ்வொரு பொட்டலத்திலும் திணித்ததை அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழிக் காலையில் கொல்லைப்புறத்தில் காற்று அசையாமல் இருந்தது. சுவரோரம் மணல் மூட்டைகளை அடுக்கி, அதற்கு முன்னால் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, நடுவில் கரியால் ஒரு வட்டம் போட்டாள் கஸ்தூரி. அங்கிருந்து முப்பதடி அளந்து ஒரு விசுப்பலகை. பலகையின் மேல் பாலாற்று மணல் கட்டிய சிறு மூட்டை. துப்பாக்கியைத் தாங்கும் இடது கை அந்த மூட்டையின் மேல் இருக்கும்படி உட்கார்ந்தாள்.

முதலில் கூர்மூக்கு. ஐந்து சுட்டாள். பாண்டுரங்கன் ஓடிப்போய்த் தாளைப் பார்த்தான்.

"உள்ளங்கை அகலத்துக்கு எறைச்சிக் கீது."

"வச்சிடுங்க. அடுத்த தாளு ஒட்டுங்க."

இரண்டாவது, கோலி போல முழு உருண்டை. அதைக் குழலில் வைத்ததும் விரலுக்கு எதிர்ப்பே இல்லாமல் உள்ளே விழுந்தது. "இது லூசு. பேரலைப் புடிக்கவே இல்ல," என்றாள் சுடுவதற்கு முன்பே. சுட்டதில் இரண்டு குண்டு வட்டத்துக்குக் கீழே பட்டன. ஒன்று தாளிலேயே இல்லை.

மூன்றாவது தலை தட்டையான குண்டு. மூன்று விரல் அகலத்துக்குள் ஐந்தும் விழுந்தன. பாண்டுரங்கன் போதும் என்றான். அவள் தலையசைக்கவில்லை.

நான்காவதும் தட்டைத் தலைதான், வேறு கம்பெனி. குழலில் வைத்தபோது கட்டைவிரலால் லேசாக அழுத்த வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஐந்து சுட்டாள். நான்கு குண்டு ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரே ஓட்டை. ஐந்தாவது மட்டும் ஒரு அங்குலம் தள்ளி.

"இது கை அசைஞ்சிருக்கும்," என்றான் பாண்டுரங்கன்.

"என் கை அசையல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இன்று வெள்ளிக்கிழமை என்பது போலச் சொன்னாள். பிறகு உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து பலகையில் சற்றே சாய்த்து வைத்தாள். மீதிக் குண்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் உருட்டிவிட்டாள். பாவாடை அகலமாக இருப்பதால் எந்தக் குண்டும் நேராக உருளாது, வளைந்துதான் ஓடும். ஆனால் நல்ல குண்டு ஒரே சீரான வளைவில் ஓடி இறங்கியது. சில குண்டுகள் தத்தித் தத்தி நடுவிலேயே நின்றன. பதினைந்தில் ஐந்து அப்படி. அவற்றைத் தனியாக வைத்தாள்.

"மொதல்ல இந்த நொண்டிங்க அஞ்சையும் சுடறேன்."

"அதை எதுக்கு வீணா சுடணும்?"

"நல்லது நல்லா போனா மட்டும் போதுமா? கெட்டது கெட்டுப் போவுதான்னு பார்க்க வாணாமா?"

நொண்டிகள் தாளெங்கும் சிதறின. அடுத்து நல்லதில் ஐந்து. ஒரே ஓட்டை. வட்டத்துக்கு இடது பக்கம் கீழே, ஆனால் ஒரே ஓட்டை. குழலின் பின்பக்கத்தில் குறிபார்க்கும் தகட்டின் திருகைச் சின்ன ஸ்குரூடிரைவரால் அரைச்சுற்று, கால்சுற்று என்று திருகினாள். கடைசி ஐந்தும் கரி வட்டத்தின் நடுவைப் பிய்த்துக்கொண்டு போயின.

பாண்டுரங்கனுக்கு ஆசை வந்துவிட்டது. அந்த நான்காவது வகையில் ஒரு டப்பா வாங்கிவந்து, கண்ணாடியில் தேறிய குண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் அவன் உட்கார்ந்தான். அவன் சுட்டது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. முகம் வாடிப்போனான். கஸ்தூரி பக்கத்தில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியைக் கழுத்தைப் பிடிப்பது போல இறுக்கியிருந்தான்.

"வுட்டுப் புடிங்க. உள்ளங்கையில சும்மா தாங்கிக்கினா போதும்."

அப்படிச் செய்ததும் ஓட்டைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன.

பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. பொங்கலை ஒட்டிப் பழையசீவரத்தில் பார்வேட்டை உற்சவம். மலைமேல் பெருமாள் எழுந்தருளுவார். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அடிவாரத்தில் கூடும். அங்கே கடை போடுவதற்கு முன்னால் கஸ்தூரி ஒரு வேலை வைத்திருந்தாள். பாண்டுரங்கனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து திருப்புலிவனம் போனாள்.

வரதன் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் முகம் இறுகியது. கஸ்தூரி இரண்டு காலண்டர் தாளை அவர் முன்னால் விரித்தாள். ஒன்று சிதறல், ஒன்று ஒற்றை ஓட்டை.

"ஐயா, ரெண்டும் அதே துப்பாக்கி. நீங்க சுட்டது கெட்ட குண்டு. அது எங்க தப்பு, ஒத்துக்கறோம். ஆனா பேரல் வளையல. நாங்க யாரையும் ஏமாத்தல."

"பேப்பர்ல இன்னா வேணா காட்டலாம்மா."

"அதான் பார்வேட்டைக்கு வரச் சொல்றேன். கூட்டத்துல சொன்னீங்க. கூட்டத்துலயே சுட்டுப் பாருங்க. அப்பவும் கோணலா போச்சின்னா துப்பாக்கிய அங்கயே ஆத்துல போட்டுடறோம்."

பாண்டுரங்கன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். ஆற்றில் போடும் பேச்சு வழியில் எங்கும் வரவில்லை. வரதன் ஒற்றை ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வர்றேன்," என்றார்.

சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, கூடவே திருப்புலிவனத்துக்காரர்கள் பத்துப் பேர். கார்த்திகையில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். அடிவாரத்தில் மேளச் சத்தம் ஓய்ந்து, பெருமாளை மலையேற்றிவிட்டு ஜனங்கள் கடைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். கஸ்தூரி பஞ்சு வைத்த டப்பாவிலிருந்து குண்டை எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வரதன் சுட்டார். ஐந்தில் இரண்டு.

யாரும் சிரிக்கவில்லை. பாண்டுரங்கனின் முகம் வெளுத்துப் போனது. ஒரு நிமிஷம் அவனுக்குப் பாலாறுதான் கண்ணில் தெரிந்தது. கஸ்தூரி துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரதன் நின்ற அதே இடத்தில் நின்று, வரிசையாக ஐந்து பலூனைச் சுட்டாள். ஐந்தும் வெடித்தன. கடைசி வெடியில்தான் கூட்டம் மூச்சு விட்டது.

வரதன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. பட்டாளத்துத் துப்பாக்கிய தோள்ல இறுக்கிப் புடிச்சி பயக்கம் உங்களுக்கு. இது ஸ்பிரிங்கு துப்பாக்கி. குண்டு வெளிய போறதுக்கு முன்னயே உள்ள ஸ்பிரிங்கு குதிக்குது. இறுக்கினா ஒவ்வொரு தபா ஒவ்வொரு பக்கம் இழுக்கும். இடது கைய சும்மா வச்சிக்கினு அதும்பாட்டுக்குக் குதிக்க வுடுங்க."

வரதன் கை நீட்டித் துப்பாக்கியை வாங்கினார். இடது உள்ளங்கையை விரித்து, குழந்தையைத் தாங்குவது போலத் தாங்கினார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். முதல் பலூன் வெடித்தது. இரண்டாவது. மூன்றாவது. பத்துச் சுட்டதில் ஒன்பது.

தவறிய ஒன்றைக் காட்டி ஒரு திருப்புலிவனத்துக்காரர், "இது குண்டா, பேரலா?" என்று கேட்டார்.

"அது நானு," என்றார் வரதன். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கார்த்திகையில் பேசிய அதே குரலில் சொன்னார்: "கேட்டுக்கோங்க. பேரல் வளைஞ்சி கீதுன்னு நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. துப்பாக்கியும் சுத்தம், இவங்களும் சுத்தம்."

அதற்குப் பிறகு ஆம்பிளைகள் முண்டியடித்தார்கள். அந்த நெரிசலுக்குள் கூடையோடு நின்றுகொண்டிருந்த பூக்கார எல்லம்மாள், கஸ்தூரியின் தோளைத் தொட்டாள். நாற்பது வயதிருக்கும்.

"பொம்பளைங்க சுடலாமா?"

"இப்ப நான் சுட்டேனே, பார்க்கலியா?"

எல்லம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். முதல் குண்டு பலூன் கட்டிய பலகையில் பட்டது. இரண்டாவது எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாவதில் ஒரு மஞ்சள் பலூன் வெடித்தபோது, தான்தான் சுட்டோம் என்பதை நம்பாமல் துப்பாக்கியைப் பார்த்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மலையிறங்கி வந்த பெண்கள் நின்றார்கள். ஒருத்தி இடுப்பிலிருந்த பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

பாண்டுரங்கன் கன்னம் வலிக்க வலிக்கப் பலூன் ஊதிக்கொண்டிருந்தான். கஸ்தூரியின் விரல்கள் டப்பாவுக்கும் குழலுக்கும் நடுவே போய் வந்தபடி இருந்தன. யார் முதலில் என்று இரண்டு பெண்களுக்குள் தகராறு கிளம்பியபோது அவில்தார் வரதன் தொண்டையைக் கனைத்தார்.

"லைன்ல நில்லுங்கம்மா," என்றார். "ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரு. எல்லாருக்கும் சான்ஸு கீது."