மாப்பிள்ளைக்குத் தண்ணீர்

மூன்றாவது வரிசையின் பாதியில் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டான்.

கிடங்கு அப்படியே நின்றது. தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்த சுமைக்காரர்கள் வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மோப்ப நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் குரைக்க மாட்டான், பெட்டியைப் பிறாண்ட மாட்டான். தேடும் வாடை எங்கே கிடைக்கிறதோ அங்கே உட்கார்வான். கயிற்றைப் பிடித்திருப்பவள் கையைத் தூக்கி "இருக்கு" என்பாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைப் பிரிப்பார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் கையைத் தூக்கவில்லை.

தலைக்கு மேலே தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டப் டப்பென்று சத்தம் போட்டது. தேர்வு நடத்த வந்த அதிகாரி கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு இரண்டடி பின்னால் நின்றார். எல்லா நாய்களுக்கும் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் தேர்வுதான். விடிவதற்குள் அவரே வந்து, கிடங்கின் ஏதோ ஒரு பெட்டிக்குள் ஒரு பொட்டலத்தை ஒளித்துவைத்திருந்தார். அவளுக்கு ஒரே ஒரு முறைதான் கை தூக்க அனுமதி. தவறான இடத்தில் தூக்கினால் மாப்பிள்ளை தலைமையகத்து நாய்க் கொட்டிலுக்குப் போய்விடுவான், அவள் வாசல் காவலுக்கு. குட்டியாக அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த நாய்.

"மேடம், உக்காந்துட்டான் பாருங்க" என்றார் அதிகாரி. "கை தூக்குறீங்களா?"

"பாத்துட்டுதான் இருக்கேன் சார்."

கிடங்கு மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. அவர் எதையும் பொறுத்ததில்லை. அதனால்தான் சுமைக்காரர்கள் அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "ஏம்மா, இன்னும் என்ன யோசனை? வெளிய லாரி வரிசையா நிக்குது. கையத் தூக்கிட்டு முடிச்சு விடும்மா."

அவள் குனிந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். வாடை கிடைத்து உட்கார்ந்தால் அவன் மூக்கு பெட்டியைத் தொடுவதுபோல நீட்டியிருக்கும், வாய் மூடியிருக்கும், மூச்சைக்கூடப் பிடித்துவைத்திருப்பான். இப்போது வாய் முழுக்கத் திறந்திருந்தது. நாக்கு நுனியில் கரண்டிபோல அகன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் பெட்டியின் மேல் இல்லை, அவள் மேல் இருந்தது. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினாள். வெளுத்த இடத்துக்கு நிறம் திரும்பச் சற்று நேரம் பிடித்தது. விரலில் எச்சில் பசைபோல ஒட்டியது.

"இது கண்டுபிடிச்ச உக்கார் இல்ல சார். தாகத்துல உக்காந்திருக்கான்."

"ஒரு உக்கார்ல இத்தனை வகையா?" அதிகாரி சிரிக்காமல் கேட்டார். "அந்தப் பெட்டியில இருந்துச்சுன்னா என்ன செய்வீங்க?"

"இல்ல சார். தண்ணி காட்டிட்டு வரேன்."

"கடிகாரம் நிக்காது மேடம்."

"ஓடட்டும் சார்."

சொன்ன பிறகுதான் தன் குரலைக் கவனித்தாள். நடுங்கவில்லை. வீட்டில், உறவில், மருத்துவரின் அறையில் எதைச் சொன்னாலும் பாதியில் 'இல்ல, சும்மாதான் சொன்னேன்' என்று திரும்பிவிடும் அந்தக் குரல், நாயைப் பற்றிப் பேசும்போது மட்டும் நேராக நிற்கும். அது ஏன் என்று அவள் பல முறை யோசித்ததுண்டு. நாய்க்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வெட்கம் இல்லை. அவ்வளவுதான் போலிருக்கிறது.

சுவரோரம், மின்விசிறி காற்று படும் இடத்தில் கிண்ணத்தை வைத்திருந்தாள். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, சூடில்லாத இடத்தில் ஈரச் சாக்கை விரித்திருந்தாள். அவனை அங்கே கூட்டிப்போய், வயிற்றையும் பாதங்களையும் நனைத்துவிட்டுக் கிண்ணத்தை முகத்தருகே நகர்த்தினாள். மாப்பிள்ளை அதை மோந்து பார்த்துவிட்டுப் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டான். உட்கார்ந்து போகும் அளவுக்குத் தாகம். ஆனாலும் வேலை பாதியில் நிற்கிறதே என்ற பரபரப்பு.

அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். புது மாப்பிள்ளைபோல, பத்து முறை உபசரித்தால்தான் வாய் வைப்பான். தண்ணீர் வேண்டுமென்று கேட்கும் நாயே அல்ல. வேலை என்று இறங்கிவிட்டால் நாக்கு தரையைத் தொட்டாலும் ஓடிக்கொண்டிருப்பான். இப்படிப்பட்டவனைத் தாகத்தின் பொறுப்பில் விட முடியாது, நாம்தான் நிறுத்திக் குடிக்கவைக்க வேண்டும் என்று முதல் கோடையிலேயே அவள் கற்றுக்கொண்டாள். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வாசனைக்காக, உப்புப் போடாமல் கோழி எலும்பு வேகவைத்த நீரில் ஒரு கரண்டி கலந்துவிடுவாள். அதை வேகவைப்பது அவள் கணவரின் வேலை.

"எனக்கு ஜுரம் வந்தப்பகூட யாரும் இப்படி சூப் வெச்சுக் குடுத்ததில்ல" என்று அன்று காலையும் அடுப்படியில் நின்று சொன்னார்.

"நீங்க கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆளு. அவன் கேக்க மாட்டான்ல."

"நீயும்தான் கேக்க மாட்ட." அவளுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தார். "சாயங்காலம் காலியா இருக்கணும்."

சாயங்காலம் அது காலியாகத்தான் இருக்கும். மாடிப்படி ஓரத்துச் செடித் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். அந்தச் செடி நன்றாக வளர்ந்திருந்தது. கிடங்கில் பெண்களுக்குக் கழிவறை இல்லை. மேலே அதிகாரிகள் அறையில் ஒன்று உண்டு, சாவி அவசரத்தின் இடுப்பில். சாவி கேட்க வேண்டும் என்றால் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும், 'இப்பவா?' என்று அவர் மணியைப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும், நாயை யாரிடமாவது கொடுக்க வேண்டும். குடிக்காமல் இருப்பது அதைவிட எளிது. பள்ளிக்கூடத்திலேயே பழகிய வித்தை. முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீர் பிரியும்போது எரிச்சல் என்று போனபோது மருத்துவர், "எவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "நல்லா குடிப்பேன் டாக்டர்" என்று சொன்னாள். நாய் பொய் சொல்வதில்லை என்பதால் நாயோடு வேலை செய்வது சுலபம் என்று அன்று திரும்பும் வழியில் தோன்றியது.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கடைசி உபாயத்துக்கு வந்தாள். குட்டியாக இருந்தபோதே பழக்கியது. அவன் எதிரே மண்டியிட்டு, தன் பாட்டிலை வாயில் வைத்து, 'மடக் மடக்' என்று தொண்டையில் சத்தம் எழுப்புவாள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், தானும் குடிக்க வேண்டும் என்று கிண்ணத்துக்குள் தலையை விட்டுவிடுவான். வீட்டில் அவள் உண்மையாகவே குடிப்பாள். இங்கே மூடியைத் திறப்பதில்லை. சத்தம் மட்டும்தான். இத்தனை வருடமும் அது போதுமாக இருந்தது.

மூடிய பாட்டிலை வாயில் வைத்து விழுங்கினாள். சத்தம் வரவில்லை.

மறுபடி முயன்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டை காய்ந்த துணியைப் போல உரசியது. விழுங்குவதற்கு வாயில் எதுவும் இல்லை. மாப்பிள்ளை காதைத் தூக்கி அவள் தொண்டையையே பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கீழுதடு வெடித்து எரிந்தது. தன் ஈறை யாராவது அழுத்திப் பார்த்தால் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தாள். இவ்வளவு நேரம் குனிந்து குனிந்து அவனிடம் தேடிய எல்லா அடையாளமும் தன்னிடம் இருந்தது. குனிந்து பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

"என்னம்மா, ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிறீங்களா?" என்றார் அவசரம். சுமைக்காரர்களில் ஒருவர், "மாப்ளைக்கு மரியாதை பத்தலயாம் சார்" என்றார்.

அவள் மூடியைத் திருகித் திறந்தாள்.

முதல் வாய் உள்ளே போனது தெரியவேயில்லை, மணலில் விட்டதுபோல மறைந்தது. இரண்டாவது வாயில்தான் தொண்டை அசைந்தது. மடக். மடக். கிடங்கில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கழுத்து வழியே வழிந்ததைத் துடைக்காமல், தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தாள். இனி நேரம் போகப் போக என்ன ஆகும் என்று தெரிந்தேதான் குடித்தாள். பாதி பாட்டிலில், பக்கத்தில் சளக் சளக்கென்று சத்தம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு, கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான். அளவு முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். தன் பாட்டிலை மட்டும் காலியாகும்வரை கீழே வைக்கவில்லை.

அவன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரமேகூட. ஈறு மறுபடி இளஞ்சிவப்பானதும் மூன்றாவது வரிசையின் தொடக்கத்துக்கே கூட்டிப்போய், "தேடு" என்றாள்.

உட்கார்ந்த பெட்டியை அவன் முகர்ந்து, கடந்து போனான். அதிகாரியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. நாலாவது வரிசை. ஐந்தாவது. சுவரோரம் திரும்பும் முனையில் துணி உருளைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு மரப்பெட்டியைத் தாண்டியவன் சட்டென்று வளைந்து திரும்பினான். வாய் மூடியது. மூக்கு நீண்டது. உட்கார்ந்தான். கயிறு வழியாகவே தெரிந்தது அவளுக்கு.

கையைத் தூக்கினாள். "இருக்கு!"

அந்த வார்த்தை கேட்டதும் வழக்கம்போல அவன் வால் தரையில் அடித்தது. இருக்கு என்றால் பந்து வரும். அவள் பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி மெதுவாக நடந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுமைக்காரர்கள் சுற்றி நெருங்கினார்கள்.

அவள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

"சார், மேல் ரூம் சாவி குடுங்க."

"இப்பவா?" அவசரம் மணியைப் பார்த்தார். "பெட்டியப் பிரிக்கப் போறாங்கம்மா. என்னன்னு பாக்க வேணாமா?"

"என்னன்னு எனக்குத் தெரியும் சார். சாவி." கயிற்றை அவர் கையில் திணித்தாள். "இதப் புடிங்க."

"நானா? கடிக்குமா?"

"தண்ணி குடிச்சிட்டான். கடிக்க மாட்டான். நாளையிலேர்ந்து இந்தச் சாவி ஆணியில தொங்கட்டும் சார், கேக்க வைக்காதீங்க." அவர் இடுப்பிலிருந்து எடுத்து நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு அவள் நிற்கவில்லை. இரும்புப் படிகளில் அவள் ஏற, பின்னால் நகங்களின் சத்தமும், அதன் பின்னால் இழுபட்டு வரும் செருப்புச் சத்தமும் கேட்டன.

கழிவறை சிறியது, சுத்தமாக இருந்தது. தகரக் கதவைத் தாழிட்டாள். கீழே மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள், வார்த்தை பிடிபடவில்லை. கதவின் அடியில், வெளிச்சக் கோட்டை இரண்டு முன்னங்கால்கள் மறைத்தன. பிறகு மூக்கு நுனி இடுக்குக்கு நேராக வந்து அசையாமல் நின்றது. அவன் உட்கார்ந்திருக்கிறான்.

வெளியே வேறு ஏதோ காலடி வந்தது. மேல் அறைக் குமாஸ்தாவாக இருக்கலாம். கதவை விரல் மடக்கித் தட்டினார்கள்.

வேறெங்காவது இப்படித் தட்டினால், உள்ளே ஆள் இருப்பதைக் காட்ட அவள் இருமுவாள், அல்லது குழாயைத் திறந்துவிடுவாள். இப்போது கிடங்கு முழுக்கக் கேட்ட அதே குரலில் சொன்னாள்:

"இருக்கு!"

கதவுக்கு வெளியே வால் தகரத்தில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.