அணையடியில் ஒரு பச்சை

அந்தச் சுரங்கத்தில் பதவிப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அணையைப் பார்த்துக்கொள்பவரின் பதவிப் பெயர் அடையாள அட்டையில் இரண்டு வரி பிடிக்கும். ஆனால் எல்லோரும் அவரைக் 'கசிவு' என்றுதான் சொன்னார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் பின்னால் ஒரு 'சார்' ஒட்டிக்கொள்ளும்.

காரணமில்லாமல் வந்த பெயரல்ல. தாதுவை அரைத்துக் கழுவிய சேற்றுநீர் முழுவதையும் ஒரு மண் அணைதான் தேக்கி வைத்திருந்தது. தினமும் காலையில் அதன் அடிவாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பது அவர் வேலை. புதிதாக எங்கே ஈரம், எங்கே எலி வளை, எந்த இடத்துப் புல் மட்டும் அளவுக்கு மீறிச் செழித்திருக்கிறது? இந்தப் பார்வை அவரோடு ஊரெல்லாம் போகும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, "குளியலறைச் சுவர் ஓதம் அடிக்குதே, கவனிச்சீங்களா?" என்று கேட்டவர்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒன்றைச் சரிசெய்ய முடியாமல் இருந்தார். போன வருடம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. போகும்போது இடது காலின் பாதி பலத்தை எடுத்துக்கொண்டு போனது. நடக்க முடியும், இழுத்து இழுத்துத்தான். அப்படி நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் வாசற்படி தாண்டுவதையே விட்டுவிட்டாள். "நடந்தாத்தாம்மா கால் வரும்" என்று டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். அவள் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த அணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைப் பாக்கத்தான் நான் சம்பளம் வாங்கறேன். நீயும் ஏன் பாக்கற?" என்பார் இவர்.

"எனக்கு வேற என்ன வேலை?" என்பாள் அவள்.

இந்தச் சமயத்தில்தான் பொது மேலாளருக்குப் பசுமைமீது திடீர்க் காதல் வந்தது. அணையின் சரிவில் வரிசையாக மரக்கன்று நட ஏற்பாடாயிற்று. கன்றுகள் முழங்கால் உயரம்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் நட்டவர் பெயர் எழுதிய பலகை இடுப்பு உயரம்.

"இந்த வேர்கள் நமது அணையை ஒரு தாயைப்போல் தாங்கிப் பிடிக்கும்" என்று மைக்கில் முழங்கினார் பொது மேலாளர்.

"தாங்காது சார், துளை போடும்" என்றார் கசிவு. "வேர் செத்தா அந்த வழியாத்தான் தண்ணி வெளிய வரும். மண் அணைல மரமே கூடாது."

"எதிர்மறைச் சிந்தனை வேண்டாம்" என்றார் பொது மேலாளர். ஒரு குழு அமைத்து ஆராயலாம் என்றும் சொன்னார். அந்தக் குழு கூடும் முன்பே கன்றுகள் விவேகமாக நடந்துகொண்டன. தண்ணீர் ஊற்ற ஒருவருமில்லாமல், பதவி வேறுபாடு பார்க்காமல் எல்லாம் காய்ந்தன. பலகைகள் மட்டும் நன்றாக வேர்பிடித்து நின்றன.

கடைசியில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்று. பொது மேலாளர் நட்டது.

"கைராசி" என்றார் அவர், அடக்கமாக இருக்க முயன்று தோற்றவராக.

கசிவு அதை நம்பவில்லை. தோட்டக்காரரைக் கேட்டார். "அந்தப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்கறதில்ல சார்" என்று தோட்டக்காரர் பெருமையாகவே சொன்னார். மழையும் இல்லை. யாரும் ஊற்றாத இடத்தில் ஒரு செடி தளிர்விடுகிறது என்றால் தண்ணீர் அணைக்குள்ளிருந்து வருகிறது என்றுதானே அர்த்தம்? குனிந்து தொட்டுப் பார்த்தார். வேரடி மண் சில்லென்று இருந்தது.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மத்தியானம் போய்ப் பார்த்தால் ஈரம் இல்லை; மறுநாள் காலையில் மறுபடி இருந்தது. நேரம் பார்த்து வந்துபோகும் கசிவை அவர் எங்கும் கண்டதில்லை. பொழுது சாயும் நேரத்தில் பம்ப் அறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

குடியிருப்புப் பக்கமிருந்து ஓர் உருவம் வந்தது. இரண்டு எட்டு வைக்கும், நிற்கும், மூச்சு வாங்கும். கையில் அவர் வீட்டு எவர்சில்வர் கூஜா. இடது கால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது.

அணை கசியவில்லை. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவர், அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரும் அவரும் உறவுக்காரர்களும் சேர்ந்து கிளப்ப முடியாதவளை ஒரு நோஞ்சான் செடி இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அவள் திரும்பும்வரை மறைந்திருந்து, சுற்றுவழியாக வீடு போய்ச் சேர்ந்தார்.

"இன்னிக்கு என்ன பண்ணின?"

"என்ன பண்ணுவேன், உக்காந்திருந்தேன்" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு துளி ஈரத்துக்கு ஊரைக் கூட்டுகிறவர் அந்த வாரம் முழுவதும் வாயைத் திறக்கவில்லை. 'கண்காணிப்பில் உள்ளது' என்று மேலிடத்துக்குச் சொல்லிவைத்தார். பெரிய மனிதர்கள் சொல்லும் அந்தப் பொய்யைச் சொன்னபோது நாக்கு கூசியது. இதற்குள் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. தினமும் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால், மழையில் நிஜமாகவே அங்கே கசிந்தால், தெரியுமா? தெரியாது.

வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், வழக்கமாக நின்ற மறைவிலிருந்து வெளியே வந்து அவள் எதிரில் நின்றார்.

அவள் திடுக்கிடவில்லை. "பம்ப் ரூமுக்குப் பின்னால நிக்கறவருக்கு வழுக்கை மட்டும் வெளிய தெரியுது. முதல் நாளே பாத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

அவர் செடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இதை எடுத்தாகணும்மா. வேரும் ஆகாது, தண்ணியும் ஆகாது. எடுத்தா நீ பழையபடி அந்த நாற்காலிக்கே போயிடுவியோன்னு..."

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு" என்றாள் அவள். கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, மண்ணைக் கையால் பறிக்க ஆரம்பித்தாள். "அதனால நாளைக்குக் காலைல நீங்க நடக்கறப்ப நானும் வரேன். முடியற வரைக்கும். மிச்சத்தை நீங்க பாருங்க. சும்மா நிக்காம அந்தப் பக்கம் தோண்டுங்க. வேர் அறுந்துடப் போகுது."

இருவரும் செடியை மண்ணோடு பெயர்த்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் வைத்தார்கள். செய்தி கேட்ட பொது மேலாளரின் முகம் வாடியது. "என் பலகை?" என்று கேட்டார். பலகையால் அணைக்கு ஆபத்தில்லை என்று கசிவு உறுதி சொன்னதும் அவர் செடியை அதோடு மறந்துவிட்டார்.

காலையில் அவர்கள் கிளம்பிய நேரத்துக்கு இரவு ஷிப்ட் விட்டிருந்தது. கேட் வழியாகக் கும்பல் கும்பலாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவள் நின்றுவிட்டாள். அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்தார். திரும்பிப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தார்.

"கையை எடுங்க" என்றாள் அவள் மெதுவாக. "நீங்க பிடிச்சாத்தான் நொண்டற மாதிரி தெரியுது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, அத்தனை பேருக்கும் நடுவில் முன்னால் போனாள்.