பெரிய கானு

எங்கள் மேல் டிவிசனில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிராணி எப்போதோ மூட்டை கட்டிவிட்டார். பதினொரு வீட்டுக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்புவது நான் என்பதால் அந்தப் பட்டம் எனக்கு வந்தது. கிண்டலுக்கு அதை ஆரம்பித்து வைத்தவர் என் வீட்டுக்காரர் இராமசாமி. எனக்கோ உள்ளுக்குள் பெருமை. புஷ்பலதா என்கிற பெயரை நானே மறந்துவிட்டேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து மலைப்பக்கமாக ஒரு மணி நேரம் வேனில் வந்து, தார் முடிந்து, செம்மண்ணும் முடிந்து, அதற்கப்புறமும் ஏறினால் எங்கள் வீடுகள். ரப்பரை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். அதற்கு வேறு தேசத்து ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் போய்விட்டார்கள். என் மகன் யுகேந்திரன் ஈப்போவில் நாலு பேரோடு ஒரே அறையில் படுக்கிறான்; எங்களை எங்கே வைப்பான்? கீழே இறங்கினால் கம்பெனி தருவதாகச் சொன்ன வீட்டு லிஸ்டிலிருந்து பேர் போய்விடும் என்ற பயம் வேறு. அந்த வீட்டை இருபது வருடமாகத் தந்துகொண்டே இருக்கிறார்கள்.

கடுதாசி மேலே வராது. பழைய ஆபீசில் போட்டதையெல்லாம் கறையான் தின்றது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் சின்னையா அண்ணனைக் கேட்டுக்கொண்டு, எல்லாருடைய அடையாளக் கார்டிலும் அவர் கடை முகவரியைப் போட வைத்தேன். நாற்பத்தேழு பேருக்கு ஒரே கடை. யார் வந்து விசாரித்தாலும் அவர், "ஆமா, இங்கதான் இருக்காங்க. வெளிய போயிருக்காங்க லா" என்பார். ஒரு கடுதாசிகூடத் தவறவில்லை. என் மூளையை எல்லாரும் மெச்சினார்கள்.

எங்களுக்கும் வேன் வருகிற பாதைக்கும் நடுவில் ஓடுவது பெரிய கானு. கானு என்றால் சாக்கடைதானே என்று டவுன்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடினால் அது சின்ன கானு. மலையிலிருந்து பாறையை உருட்டிக்கொண்டு வந்தால் அது பெரிய கானு. எங்களுக்கு ஆறு என்று தனியாக ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை. அதன் மேலிருந்த மரப்பாலம் இரண்டு வருடத்துக்கு முந்தின மழையில் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பனைமரத்தைச் சேர்த்துக் குறுக்கே போட்டோம்.

அதே வருடம் என் வீட்டுக்காரருடைய கிட்னி இரண்டும் போயின. வாரத்துக்கு மூன்று நாள் டவுனில் இரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும். எதிர்வீட்டு தர்மா அவரை முதுகில் சுமந்து மரத்தைத் தாண்டுவான். அந்தப் பக்கம் அவன் வேன் நிற்கும்.

"மெதுவாடா. கீழ போட்டுட்டா கிராணியம்மா பாரம் நிரப்பிப் புகார் குடுத்துடுவா."

"சும்மா வாங்க மாமா. சிரிச்சா வழுக்குது லா."

அவர்கள் சிரிப்பார்கள். நான் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே பின்னால் போவேன்.

பாலம் கேட்டு அரசாங்க ஆபீசுக்கு நான்தான் எழுதினேன். நடக்க முடியாதவருக்கு, வீட்டுக்கு முன்னால் இருக்கும் பெரிய கானைத் தாண்டப் பாலம் வேண்டும் என்று, வார்த்தைக்கு வார்த்தை மலாயில் போட்டேன். கார்டில் இருந்த முகவரியை அப்படியே எழுதினேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு நம்ம ஊரு தெரியாது புள்ள. வர்ற வழிய ஒரு படமா வரைஞ்சு வையி" என்றார்.

"யாரு கிராணி? நீங்களா, நானா?" என்று சள்ளென்று விழுந்தேன். வாயை மூடிக்கொண்டார், பாவி மனுசன். அன்றைக்கு என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

நவம்பரில் மழை பிடித்தது. திங்கட்கிழமை பனைமரம் இரண்டும் தண்ணீருக்குள் போயின. போக முடியவில்லை. புதன்கிழமையும் முடியவில்லை. தர்மா இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தான். நெஞ்சளவு போனதும் இழுத்துவிட்டோம். இவருக்கு முகம் ஊதிவிட்டது. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்.

"கிராணி, உன் பாலம் எங்க புள்ள?"

கிண்டலாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தண்ணீர் இறங்கியது. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேனிலேயே மூச்சு நின்றுவிட்டது. டவுனுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

முப்பதாம் நாள் கும்பிட்டு முடிந்த வாரம், தர்மா ஓடி வந்தான். "அத்தே, சின்னையா அண்ணே போன் போட்டாரு. பாலத்துக்கு ஆளு வந்திருக்காங்களாம். உங்க கையெழுத்து வேணுமாம்." செத்த பிறகு எதற்கு என்று எரிச்சலாக வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு இருளாயி அக்கா மருமகளுக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளாவது இந்தக் கானைத் தாண்டட்டும் என்று கிளம்பினேன்.

சின்னையா அண்ணன் கடைக்கு முன்னால், சாலையோரமாக ஓடும் சாக்கடையின் மேல், புதுசாக ஒரு சிமெண்டுப் பாலம் நின்றது. இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பி. சக்கர நாற்காலி ஏறச் சரிவு. சாயம்கூட இன்னும் காயவில்லை.

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மழைக்கு முன்னாடி ஆபீஸ்காரன் ஒருத்தன் வந்தான் தங்கச்சி. ராமசாமி இங்கதான் இருக்காரான்னு கேட்டான். எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லிட்டேன். ஆமா, வெளிய போயிருக்காருன்னு. இத கட்டும்போதுகூட ஏதோ ரோட்டு வேலைன்னுதான் நினைச்சேன்."

கையெழுத்து வாங்க வந்திருந்த அதிகாரி சின்ன வயசு, மரியாதையான ஆள். என் பாரத்தை எடுத்துக் காட்டினான். 'பாரிட் பெசார்', பெரிய சாக்கடை. என் கையெழுத்து, முத்து முத்தாக. "நீங்க கேட்டது இதுதானே மக்சிக்?" என்று அத்தை முறை சொல்லி மலாயில் கேட்டான்.

இது இல்லை, மலையில் ஓடுகிற ஆறு, அங்கே பதினொரு வீடு இருக்கிறது என்றேன். அவன் போனில் தட்டித் தட்டித் தேடினான். அங்கே ஒருத்தர்கூடக் குடியிருப்பதாகப் பதிவு இல்லையே என்றான். நாற்பத்தேழு பேரும் இந்தக் கடையில் அல்லவா இருக்கிறீர்கள்? மறுபடி கேட்பதானால் முதலில் முகவரியை மாற்ற வேண்டும். அதற்குத் தோட்டத்துக்காரரின் கடிதம் வேண்டும். மூன்று கை மாறிய தோட்டம். யாரிடம் போய்க் கேட்பேன்?

படம் வரைஞ்சு வையி என்றாரே. ஐயோ, கேட்டேனா நான்! கட்டி முடித்ததற்குக் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். அந்தப் பாலத்தில் ஏறி நடந்தும் பார்த்தேன். ஐந்தே எட்டு. யாரும் தூக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்திருப்பார்.

திரும்பி வரும்போது எங்கள் ஆட்கள் எல்லாரும் அக்கரையில் கூடி நின்றார்கள். இருளாயி அக்கா மருமகளைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினாள். "என்னாச்சு கிராணியம்மா? பாலம் கட்டுவாங்களா?"

"கட்டிட்டாங்கக்கா! கடை வாசல்ல கட்டிட்டாங்க! நமக்கு இல்ல!" என்று அழுதுகொண்டே கத்தினேன்.

தண்ணீர் இரைச்சலில் அவர்களுக்கு எது கேட்டதோ. இருளாயி அக்கா மருமகளின் வயிற்றைத் தடவிவிட்டு, இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டாள்.