கலக்காத பால்

"பரிமளா, இன்னைக்கு ஒரு விரலக்கூட அசைக்காம, சீமையிலேருந்து வந்த மெஷினையே முட்டாளாக்கிட்டேன். முதலாளி வூட்டு எருமை தண்ணிதான் கறக்குதுன்னு அது சத்தியம் பண்ணிருச்சு!"

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் அரியலூர் வந்து இறங்கிய அய்யம்பெருமாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். மனைவி பரிமளா கிரைண்டரில் மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் பாம்ப விசிலடிச்சு வெரட்டுனீங்க. கால கழுவிட்டு வாங்க."

பெரம்பலூர் பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம், பாலை உறிஞ்சி அளக்கும் பிப்பெட் பிடித்த கை அவருடையது. அது ஒரு சொட்டு பிசகினால் ஏரி உடையும் என்பார். ஓய்வு பெறும் மாதம், விக்கிரமங்கலம் விவசாயிகள் பார்த்திருக்க, மேனேஜர் பாலாஜி சிரித்தான்: "சாருக்குக் கை நடுங்குது. இனிமே மெஷின்தான்." நடுங்கவில்லை. ஒருநாளும் நடுங்கியதில்லை. அந்தச் சிரிப்பு எட்டு மாதமாக அவர் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

பாலைச் சோதிக்கும் அந்த மெஷினுக்கு ஒரு மென்பொருள் உண்டு. எந்தப் புட்டியில் எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எங்கே விடுவது என்று திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிவிட்டால் இரும்புக் கை அப்படியே செய்யும். அவர் வேலையை விடுமுன், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு அடுக்கியவள் மெஷின் கம்பெனிப் பெண் பூவிழி. "கதை வேணாம் சார், கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று பாலாஜி தலைக்குமேல் நின்றான்.

'கலக்கு' என்ற கட்டத்தில் பூவிழியின் விரல் தயங்கியது. "இது வேணுமா சார்?"

பாலாஜி முந்திக்கொண்டான். "பாலுல கலக்க என்னம்மா இருக்கு? விடு."

பாலை எடுக்குமுன் ஒவ்வொரு புட்டியையும் மூன்று முறை தலைகீழாகத் திருப்புவது அய்யம்பெருமாளின் வழக்கம். இல்லாவிட்டால் கொழுப்பு மேலே ஒதுங்கிவிடும். சொல்ல வாய்வரை வந்தது. வெற்றிலையோடு சேர்த்து மென்றுவிட்டார்.

இன்று மெஷினுக்குத் திறப்பு விழா. பழைய ஆள் என்று அவருக்கும் ஒரு நாற்காலி. முதலாளி வீட்டு எருமைப்பால் காலையிலிருந்து அசையாமல் நின்றிருந்தது. இரும்புக் கை புட்டியின் அடிவரை மூக்கை விட்டு உறிஞ்சியது. ஏழு சதவீதம் வரவேண்டிய கொழுப்பு ஒன்றரைதான் வந்தது.

"பாலாஜிக்கு ஊத்துன வேர்வையில கல்லங்குறிச்சி பெருமாளுக்குத் தெப்பமே விட்ருக்கலாம்!"

"ஒங்க வாயிலதான் தெப்பம் ஓடுது."

போன் அடித்தது. பாலாஜி. அய்யம்பெருமாள் ஸ்பீக்கரில் போட்டார். பரிமளா கிரைண்டரை நிறுத்தினாள்.

"சார்... எருமைப்பாலு இப்புடி ஆயிருச்சே. புட்டிய ஏதோ திருப்புவீங்கல்ல, எத்தன தடவ? முதலாளி பக்கத்துலயே நிக்கிறாரு."

"சொல்றேன் தம்பி. என் கை நடுங்குச்சா இல்லயா, அத மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க. சத்தமா. நான் இங்கேருந்து கேட்டுக்குறேன்."

 அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பரிமளா மாவுக்கையோடு போனருகே குனிந்தாள். முழங்கையிலிருந்து மாவு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"அடியாத்தீ," என்றாள் மெதுவாக, "நெசமாவே நடந்துருக்கு."