நாலு முள்கிளை

படத்தில் குறுக்கே ஒரு குச்சி தெரிந்தாலும் எனக்குப் பொறுக்காது. திருவெறும்பூர் ஃபேக்டரியில் முப்பது வருஷம் வெல்டிங்கில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ரிட்டயர் ஆகிக் காட்டுப்பூ படமெடுக்கக் கிளம்பிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கேமராப் பையில் தோட்டக் கத்தரி எப்போதும் இருக்கும்.

துவாக்குடிக்குப் பின்னால் பாறைக்காட்டில், காரைமுள் புதருக்குள் ஒரு அபூர்வக் கொடியைக் கண்டுபிடித்தது அனுபமா. காலேஜில் தாவரவியல் நடத்துகிறவள். சின்னக் குடுவை மாதிரிப் பூ. நாலு வருஷம் அலைந்தும் அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரே கொடிதான்.

"படத்துல பூவுக்குள்ள இருக்கற முடி தெளிவாத் தெரியணும் சார், அத வெச்சுத்தான் என்ன இனம்னு சொல்ல முடியும். காய் முத்தினா விதை எடுத்துடலாம்" என்றாள்.

தனியாகப் போனேன். முள்ளின் நிழல் பூமேல் விழுந்து உயிரை வாங்கியது. நாலு கிளையைத்தான் வெட்டினேன். சத்தியமாக நாலுதான். படம் அபாரமாக வந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து இருவரும் போனோம். கொடியும் இல்லை, காயும் இல்லை. ஆடு கடித்து இழுத்ததில் கொடியின் கிழங்கு மண்ணுக்கு வெளியே வந்து வெயிலில் சுருங்கிக் கிடந்தது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராக்கம்மாள் என்ற பெண்மேல் அனுபமா பாய்ந்தாள். "பாத்து மேய்க்கக் கூடாதா? இனிமே இங்க ஆட்டப் பாத்தேன், ஃபாரஸ்ட்ல சொல்லிடுவேன்!"

"பத்து வருசமா இங்கதாம்மா மேய்க்கிறேன். முள்ளுக்குள்ள ஆடு தலைய விடுமா? எவனோ புண்ணியவான் வெட்டித் தொறந்து விட்டுருக்கான், பாருங்க."

"தழைக்கு நீங்களே வெட்டிட்டுக் கதை விடாதீங்க."

ராக்கம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தாள். எனக்கு வாய் எங்கே போயிற்று?

அனுபமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை சார், உங்க படமாவது மிஞ்சிச்சு."

அதற்குமேல் தாங்கவில்லை. "வெட்டினது நான்தாம்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அத ஏன் அந்தம்மா இருக்கும்போது சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

ஓடினேன். பாறை இடறியது, முழங்கால் வலித்தது. "அம்மா, நில்லுங்க!" என்று கத்தினேன். ராக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆடுகளை இன்னும் வேகமாக விரட்டிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"போயிர்றேங்க ஐயா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."