எர்த் வயர்

பிக்கப் வண்டியை விற்றுவிடுவது என்று அண்ணியும் நாத்தனாரும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். வண்டிக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன சொல்லப்போகிறார்? "குடை" என்பார்.

ஊருக்குள் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்று எதை வீடு மாற்ற வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிக்கப்காரர் என்றால்தான் தெரியும். சுமை இறக்குவதற்குள் அந்த வீட்டுக் கதை முழுவதையும் கேட்டு, தன் வீட்டுக் கதையில் பாதியைச் சொல்லிவிட்டு வரும் மனிதர். அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் அடித்துப் போட்டது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் குடை, கொசு கடித்தாலும் குடை, கண் கலங்கினாலும் குடை. ஏன் அந்தச் சொல் மட்டும் தங்கியது என்று டாக்டருக்கே தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அவர் மனைவியிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "அக்கா, அவருக்கு எல்லாம் புரியுது. வார்த்தைதான் வெளிய வர மாட்டேங்குது. ஒரு நேரத்துல ஒரு கேள்வி கேளுங்க. ஆமான்னா இடது கைக் கட்டைவிரலத் தூக்கட்டும், இல்லேன்னா கைய விரிக்கட்டும். பதில் வர வரைக்கும் பொறுத்துக்கோங்க."

அந்தப் பொறுமைதான் மனைவியிடம் இல்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுத் திரைச்சீலை, தலையணை உறை தைத்து, அதற்கு நடுவே அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இடுப்பு ஒடியும் வேலை. முதல் சில நாட்கள் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் கேள்வியையும் பதிலையும் அவளே சொல்ல ஆரம்பித்தாள். "தண்ணியா? தண்ணிதான். இந்தாங்க."

அன்று காலை நாத்தனார் தன் காரில் வந்து இறங்கினாள். வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்பவள். கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான்.

"அண்ணி! வண்டி வாங்கற காய்கறிக் கடைக்காரர் இப்ப வந்துருவாரு. அவரு வந்து நிக்கறப்ப வண்டி ஓடிட்டு இருக்கணும். சாவி எங்க?"

அவளே ஏறி உட்கார்ந்து, கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பினாள்.

டிக்.

மறுபடி திருப்பினாள். டிக். அவ்வளவுதான்.

"பேட்டரி செத்துப்போச்சு. மாசக்கணக்கா ஓடாம நிக்குதுல்ல. கும்பகர்ணன் மாதிரி தூங்குது," என்று சொல்லிவிட்டு, தன் காரை மூக்குக்கு மூக்கு கொண்டுவந்து நிறுத்தினாள். டிக்கியிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கேபிள்களை எடுத்து இரண்டு பேட்டரிகளையும் இணைத்தாள். பிக்கப்பின் முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. இருவர் முகமும் மலர்ந்தது.

சாவியைத் திருப்பினாள். டிக்.

வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தவர், "குடை," என்றார்.

"வெயிலா இருக்குதுங்களா? இதோ உள்ள தள்ளிடறேன்," என்று மனைவி நாற்காலியைத் திருப்பப் போனாள். அவர் இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "குடை! குடை!"

"வண்டிய விக்கறது புடிக்கல போல அண்ணி. பாவம்," என்று நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். அந்தத் தாழ்ந்த குரலும் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

பேட்டரி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மனைவியின் கை கறுத்துப்போனது; தைக்க வைத்திருந்த வெள்ளைத் துணியை இனித் தொட முடியாது. திருப்பினார்கள். டிக்.

"அப்போ செல்ஃப் மோட்டார்தான் போச்சு. மெக்கானிக்கக் கூப்பிட வேண்டியதுதான்," என்று நாத்தனார் போனை எடுத்தாள்.

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் படபடவென்று தட்டினார். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. அந்த முகம் அவளுக்குத் தெரியும். பீரோவைப் படியில் ஏற்றும்போது கீழே நிற்பவன் தப்பான பக்கம் சாய்த்தால் இப்படித்தான் பார்ப்பார்.

அவள் அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"ஏங்க. வண்டியப் பத்தியா சொல்றீங்க?"

வாய் வரை வந்த அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு பொறுத்திருந்தாள். பயிற்சிக்காரப் பெண் சொன்னது அவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு சின்ன மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

கட்டைவிரல் மெல்ல மேலே எழுந்தது.

"பேட்டரியா?"

கை விரிந்தது. இல்லை.

"செல்ஃபா?"

இல்லை.

"சின்னவளே, போன கீழ வை!" என்று கத்தினாள். "உங்க அண்ணனுக்குத் தெரியுது! அவருக்குத் தெரியுதுடி!"

நாற்காலியை வண்டி அருகே தள்ளிக்கொண்டு போனார்கள். மனைவி பேட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். சிவப்பு வயரா? இல்லை. கறுப்பு வயரா? கட்டைவிரல். இந்த முனையா? இல்லை. அவள் அந்த வயரோடு விரலை ஓட்டிக்கொண்டே கீழே போனாள். இன்ஜினுக்கு அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்தோடு அந்த வயரை இணைக்கும் போல்ட்டின் மேல் விரல் பட்டபோது, "குடை!" என்று ஒரு சத்தம் போட்டார். தெருவில் போன நாய்கூட நின்று பார்த்தது.

"எர்த் வயர்," என்றாள் நாத்தனார். "அண்ணே, எர்த்தா?"

கட்டைவிரல். கூடவே, 'இத்தனை நேரமா?' என்ற பார்வை.

போல்ட் துருப்பிடித்து உப்பியிருந்தது. ஸ்பானரைப் போட்டு இரண்டு பெண்களும் சேர்ந்து தொங்கினார்கள். கழற்றி, வயரின் முனையையும் சட்டத்தையும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, மறுபடி இறுக்கினார்கள்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுழன்று உறுமியது. ஆனால் பிடிக்கவில்லை. நாத்தனார் மறுபடி திருப்பப் போனபோது அவர் கை விரிந்தது. பிறகு இடது கட்டைவிரலைக் காற்றில் அமுக்கி அமுக்கிக் காட்டினார். இந்த முறை மனைவிக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் வண்டியை எழுப்ப அவர் டீசல் ஃபில்ட்டருக்கு மேலே இருக்கும் குமிழை அமுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரோடு அரட்டை அடிப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறாள். குமிழ் கெட்டிப்படும் வரை அமுக்கினாள்.

வண்டி கறுப்பாக ஒரு புகையைத் துப்பிவிட்டு, தடதடவென்று ஓடத் தொடங்கியது. நாத்தனார் சீட்டிலிருந்தபடியே ஓவென்று அழுதாள். மனைவி கரி படிந்த கையோடு கணவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதம் இந்த மனுஷன் எங்கேயும் போகவில்லை; இங்கேயே, இதே வீட்டில், முழுசாக இருந்திருக்கிறார். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், முரண்டு பிடித்த அந்தத் தகர வண்டிக்கே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

காய்கறிக் கடைக்காரர் வந்து நின்றார். "பரவால்லயே, நல்லா ஓடுது," என்றார்.

"ஒரு நிமிஷம் இருங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களக் கேக்காமயே முடிவு பண்ணிட்டோம். தப்புதான். சொல்லுங்க. வண்டிய விக்கலாமா?"

இன்ஜின் சத்தத்தில் அவர் காது வைத்திருந்தார். அசையாத தன் வலது காலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி கண்ணாலேயே அடக்கினாள்.

கட்டைவிரல் எழுந்தது.

"மனசு கஷ்டமா இருக்கா?"

விரல் இறங்கவே இல்லை. அவள் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வண்டியில வேற ஏதாவது கோளாறு இருக்கா?"

கட்டைவிரல் சட்டென்று மேலே போனது.

"ஐயோ அண்ணே!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பிரேக்கா?" இல்லை. "கிளட்சா?" இல்லை. "ரேடியேட்டரா?" ஆமாம். கடைக்காரர் குனிந்து பார்த்தார். அடியில் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. அவர் சிரித்துவிட்டார். "இப்படி ஒருத்தர்கிட்ட வாங்கினா பயமில்லாம ஓட்டலாம். ஏதாவது மக்கர் பண்ணா இங்கயே கொண்டாந்து நிறுத்திடறேன். அண்ணன் பாத்துக்குவாரு, என்னண்ணே?"

வண்டி தெருமுனை திரும்பும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் அண்ணன் தோளைக் கட்டிக்கொண்டு, "பேசாமலே எங்கள திட்டிட்டியே," என்றாள். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

உள்ளே போனதும் மனைவி நாற்காலியை வழக்கம்போல் ஜன்னலோரம் தள்ளினாள். பாதியில் நின்றாள்.

"ஏங்க, இந்த ஜன்னல் உங்களுக்குப் பிடிக்குதா?"

கை விரிந்தது.

தெருவை வேடிக்கை பார்க்கட்டும் என்று இத்தனை மாதமும் அங்கேதான் உட்கார வைத்திருந்தாள். "அப்ப எங்க? கட்டில் பக்கமா? வாசலா?" இல்லை, இல்லை. அவர் முன்னறையைக் காட்டினார். துணிக் குவியலும் நூல் கண்டுகளுமாகக் கால் வைக்க இடமில்லாத அறை.

"மெஷின் பக்கத்துலயா? என் பக்கத்துலயா?"

அவர் விரலைத் தூக்கும்வரை காத்திருந்தாள். பிறகு துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள்.